பகலில் ஷிஃப்ட், இரவில் தொடர்கதை... கதையை விற்பதற்கு முன் இதைப் படிங்க!

இரவு பத்து மணி. ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் மாறும் நேரம். வீடு திரும்பும் கம்பெனி பஸ்ஸில் செல்போன் வெளிச்சத்தில் தெரியும் முகங்களில் பல, ரீல்ஸ் பார்க்கின்றன. சில, தொடர்கதை படிக்கின்றன. அபூர்வமாக ஒன்றிரண்டு பேர் எழுதிக்கொண்டும் இருப்பார்கள்.

முதலில் எல்லாம் ஆசைக்காகத்தான். "அடுத்த அத்தியாயம் எப்போ அக்கா?" என்று யாரோ கேட்டால் அதுவே போதும், தூக்கம் போனாலும் பரவாயில்லை. பிறகு ஒருநாள், எழுதிய கதைக்குக் காசு வருகிறது. தொகை சின்னதுதான். ஆனால், 'போனையே நோண்டிக்கிட்டு இருக்கா' என்று சலித்துக்கொண்ட வீட்டில் அன்றைக்குக் கிடைக்கும் மரியாதையே தனி! குழப்பமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வேலையை விட்டுவிடலாமா? கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடலாமா?

முதல் கேள்விக்கு இந்த எல்லைப் பகுதியிலேயே பதில் இருக்கிறது. 'தாண்டவராயன் கதை', 'பாகீரதியின் மதியம்' போன்ற பெரிய நாவல்களை எழுதிய பா.வெங்கடேசன், ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். சிறுகதைகளால் அறியப்பட்ட ஆதவன் தீட்சண்யா, இதே ஊரில் தொலைபேசித் துறை ஊழியராக இருந்தவர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். அதற்கு முன் அது தருமபுரி மாவட்டத்தில் இருந்தபோது, 90-களில் தருமபுரியில் தொலைபேசித் துறையில் இருந்தபடிதான் ஜெயமோகன் 'விஷ்ணுபுரம்' எழுதினார்.

எல்லை தாண்டி பெங்களூருக்குப் போனால், சுஜாதா. 1968-ல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' அவரது முதல் தொடர்கதை. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்ததால், பெயர்க் குழப்பம் வேண்டாம் என்று எஸ்.ரங்கராஜன் தன் மனைவி பெயரில் எழுதினார். புகழின் உச்சியில், பத்திரிகைகள் தொடர் கேட்டு வரிசையில் நின்ற காலத்திலும் அவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வேலையை விடவில்லை. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு என்பது பலருக்கும் தெரிந்த கதை. எழுத்தையே நம்பி வாழ்ந்த புதுமைப்பித்தன் 1948-ல் காசநோயோடும் வறுமையோடும் போராடி இறந்ததும் தெரிந்த கதைதான்.

அன்றைக்கு இருந்தவை வார இதழ்களும் மாத நாவல்களும். இன்றைக்குக் கடைகள் அதிகம். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்தில் பெங்களூரில் தொடங்கப்பட்ட பிரதிலிபியில், வாசகர் கட்டும் சந்தாவிலிருந்தும் நாணயங்களிலிருந்தும் எழுதியவருக்குப் பங்கு போகிறது. அமேசான் கிண்டிலில் பதிப்பாளர் இல்லாமல் நாமே மின்னூல் போடலாம். அந்த நிறுவனம் நடத்திய 'பென் டு பப்ளிஷ்' போட்டி 2018-ல் தமிழுக்கும் வந்தபோது, சென் பாலனின் 'பரங்கிமலை இரயில் நிலையம்' பரிசை வென்றது.

கிண்டிலில் ராயல்டி 35 சதவிகிதம் அல்லது 70 சதவிகிதம். எழுபதைப் பார்த்ததும் கை பரபரக்கும். பொறுங்கள். இந்திய விற்பனையில் 70 வேண்டுமென்றால் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இணையத்தில் இருக்கக் கூடாது, இலவசமாகக்கூட! ஏற்கெனவே ஏதோ ஒரு செயலியில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்ட கதையை, அங்கே நீக்காமல் இங்கே ஏற்றிச் சிக்கலில் மாட்டுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. 90 நாள் முடிந்ததும் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் நாம்தான் நிறுத்த வேண்டும்.

அதைவிடப் பெரிய பள்ளம், 'மொத்தமா ஒரு தொகை வாங்கிக்கோங்க, கதையை எங்களுக்குக் கொடுத்துடுங்க' என்பது. மாதக் கடைசியில் வரும் ஐந்தாயிரம் ரூபாய் பெரிதாகத்தான் தெரியும். அப்போது நாம் விற்பது எது? அச்சுப் புத்தக உரிமையா, மின்னூலா, ஆடியோவா, மொழிபெயர்ப்பா, சினிமாவா? ஒவ்வொன்றும் தனித்தனிச் சரக்கு. மொத்தமாகக் கொடுத்துவிட்டால், நாளைக்கு அந்தக் கதை வெப் சீரிஸாக வந்தாலும் டிவி முன் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதில் எழுத்தாளர் பக்கம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. கதையைச் சுதந்திரமாக எழுதியவர்தான் அதன் முதல் உரிமையாளர்; பதிவு செய்திருக்க வேண்டும் என்பதுகூடக் கட்டாயமில்லை. உரிமையை இன்னொருவருக்கு மாற்ற எழுத்துபூர்வமான, கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று அதில் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான். எந்தெந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, அது காலாவதியாகிவிடும். பதிப்புரிமையின் ஆயுள், எழுத்தாளரின் ஆயுள் முழுக்கவும் அதன்பின் 60 ஆண்டுகளும். அதாவது, இன்று இருபத்தைந்து வயதில் ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு தட்டச்சு செய்யும் கதை, பேரன் பேத்தி காலம் வரை சொத்து.

இன்னொரு விஷயம், ஆபீஸ் பக்கம். வேலைக்குச் சேரும்போது கொடுத்த நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். வேறு வருமானம் தரும் வேலை செய்யக் கூடாது, அல்லது அனுமதி வாங்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் எழுதியிருக்கும். புனைபெயர் வைத்துக்கொண்டால் மறைந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பணம் வந்து சேர்வது பான் கார்டில் இருக்கும் பெயருக்குத்தான்!

எதை எழுதினால் விற்கும்? செயலிகளில் குடும்பக் கதையும் காதலும் க்ரைமும் ஓடுகின்றன. கோடீஸ்வர முதலாளியும் அவர் வெறுத்துப் பிறகு விரும்பும் நாயகியும் இன்னும் சலிக்கவில்லை போலிருக்கிறது. ஆனால், ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற ஊர் ஓசூர். ஆறு பேர் தங்கும் ஹாஸ்டல் அறையில் ஒருத்தி இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது இன்னொருத்தி அதே கட்டிலில் தூங்க வருவாள். ஊரில் கல்யாணப் பேச்சு நடக்கும். இங்கே முதல் சம்பளத்தில் தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ் போகும். அந்தக் கட்டிலை அந்தக் கோடீஸ்வரக் கதைகளில் பார்க்க முடியாது. அங்கே படுத்தவர்தான் எழுத வேண்டும்.

அப்படி எழுதிய ஒன்றை யாராவது விலைக்குக் கேட்டால், தொகையைப் பார்ப்பதற்கு முன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடுங்கள்: என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு. மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் பேனாவை மூடிவிட்டு, 'இதை நிரப்பி அனுப்புங்க சார்' என்று பதில் போடுங்கள்.