மதுரை வெயிலில் மோஷன் சென்சார்: வயர் இழுப்பதற்கு முன்

எலக்ட்ரிக்கல் கடையில் 'மோஷன் சென்சார்' என்று மட்டும் கேட்டால், மாடிப்படி லைட்டைத் தானாக எரியவிடும் சென்சாரை எடுத்து நீட்டிவிடுவார்கள். அது 230 வோல்ட்டில் ஓடுவது. பல்பை எரிப்பது, அணைப்பது தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. திருட்டு அலாரத்துக்கு வேண்டியது 12 வோல்ட் டிசியில் ஓடும் வேறொரு சாமான். மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சின்னச் சின்ன ஸ்குரூ டெர்மினல்கள், பெரும்பாலும் ஆறு, வரிசையாக இருக்கும். கரண்டுக்கு இரண்டு, அலாரத்துக்கு இரண்டு, 'டேம்பர்' என்று எழுதியது இரண்டு.

வைஃபை அலாரம் வந்த பிறகு வயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கட்டி முடித்துக் குடியிருக்கும் வீட்டில் நானும் வயர் இழுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் திருப்பாலையிலோ நாகமலைப் புதுக்கோட்டையிலோ வீடு இப்போதுதான் எழும்புகிறது, பூச்சு வேலைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால், கரண்ட் பைப்போடு அலாரத்துக்கும் ஒரு பைப் பதித்துவிடுவது பெரிய செலவில்லை. ஒவ்வொரு சென்சாராக பேட்டரி மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. அலாரத்துக்கு அந்தப் பைப் தனியாகவே இருக்க வேண்டும். 230 வோல்ட் வயரோடு ஒரே பைப்பில் திணித்தால் ஆபத்து. மோட்டார் போடும்போதெல்லாம் பொய்யாக அலறவும் செய்யும்.

இணைப்பு எளிது. ஒவ்வொரு சென்சாரிலிருந்தும் அலாரத்தின் மூளையான பேனல் பெட்டி வரை ஒரு ஆறு கோர் கேபிள். இரண்டு கோர் 12 வோல்ட்டைக் கொண்டுபோகிறது. இரண்டு கோர் அலாரம் ரிலேக்கு. யாரும் அசையாதபோது இந்த ரிலே மூடியே இருக்கும். ஆள் நடந்தால் திறக்கும். வயரை வெட்டினாலும் சுற்று திறந்துவிடும், சென்சாருக்குக் கரண்ட் போனாலும் திறந்துவிடும். அதாவது திருடன் செய்யக்கூடிய முரட்டு வேலைகள் எல்லாமே அலாரத்தில்தான் முடியும். மிச்சம் இரண்டு கோர், சென்சார் மூடியை யாராவது கழற்றினால் சொல்லும் டேம்பருக்கு. இதைப் பேனலில் இரவு பகல் எப்போதும் விழித்திருக்கும் ஜோனில் (இணைப்புப் பிரிவில்) கொடுக்க வேண்டும்.

ஆனால் வெட்டாமல், இரண்டு கோரையும் உரித்து ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால்? ரிலே திறந்தாலும் சுற்று மூடியே கிடக்கும்; பேனலுக்கு ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் சுற்றின் கடைசியில் ஒரு சின்ன ரெசிஸ்டரை ரிலேயோடு வரிசையாகப் போடுகிறார்கள், மதிப்பு 2.2 கிலோ ஓமா, 4.7ஆ என்பது பேனலோடு வரும் புத்தகத்தில் இருக்கும். அந்த அளவு தெரிந்தால் பேனலுக்கு நிம்மதி. சுற்று திறந்தால் அலாரம், பூஜ்ஜியமாகிவிட்டால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் வேலை பார்ப்பவர்கள் இந்த ரெசிஸ்டரைப் பேனல் பெட்டிக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே இருந்தால் அது வெறும் அலங்காரம். அது சென்சாருக்குள் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். மதுரைக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது, அது வெயில்.

இந்தச் சென்சார் எதையும் அனுப்புவதில்லை. எதிரே உள்ள பொருட்கள் வெளியிடும் வெப்பக் கதிரை வாங்குகிறது, அவ்வளவுதான். சூடு மாறினால் மின்னேற்றம் காட்டும் படிகத் துண்டு ஒன்று உள்ளே இருக்கிறது. இந்தக் குணத்தை ஐரோப்பியர்கள் கவனித்தது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து கொண்டுபோன டூர்மலின் கல்லில். சுடச்சுட அது சாம்பலை இழுத்ததைப் பார்த்து வியந்தார்கள். இன்று அதே குணத்தை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறோம். முகப்பில் உள்ள வெள்ளை பிளாஸ்டிக் லென்ஸ் அறையைப் பல விரல்களாகப் பிரித்துப் பார்க்கிறது. சுவரைவிடச் சூடான உடல் ஒரு விரலிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது சென்சார் விழிக்கிறது.

சிக்கல் 'சுவரைவிட' என்பதில்தான். நம் தோலின் சூடு ஏறக்குறைய 33, 34 டிகிரி. கோடையில் நாள் முழுக்க வெயில் வாங்கிய மொட்டைமாடி, ராத்திரி வெகுநேரம்வரை அந்தச் சூட்டைக் கீழே உள்ள அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். ஜன்னலெல்லாம் பூட்டிய அறை என்றால் கேட்கவே வேண்டாம். சுவரும் ஆளும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால் சென்சாருக்கு ஆள் தெரியமாட்டார். சுவர் இன்னும் சூடேறினால் மறுபடி தெரிவார், இப்போது சுவரைவிடக் குளிர்ந்த உருவமாக. நடுவில் உள்ள அந்த நாலைந்து டிகிரிதான் குருட்டு இடம். சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் குடும்பத்தோடு வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் நாட்களும் அந்த வெயில் காலத்தில்தான் வருகின்றன.

ஆகவே வாங்கும்போது 'டெம்பரேச்சர் காம்பன்சேஷன்' உள்ளதாகக் கேளுங்கள். அறை சூடேற ஏற அது தன் கூர்மையைக் கூட்டிக்கொள்ளும். மாடி அறைக்கு மைக்ரோவேவும் சேர்ந்த 'டூயல்' வகை நல்லதுதானே என்பார்கள். பெரும்பாலான டூயல் சென்சார்கள் இரண்டு கண்ணும் ஒத்துக்கொண்டால்தான் அலாரம் கொடுக்கும். பொய் அலாரத்தைக் குறைக்க அது உதவும், வெயிலில் மங்கிய கண்ணைக் கூர்மையாக்காது. என்னைக் கேட்டால், மாடிக் கதவுக்கும் வாசலுக்கும், கதவு திறந்தால் சொல்லும் காந்த ஸ்விட்ச் போடாமல் மோஷன் சென்சாரை மட்டும் நம்புவது மதுரையில் சரிவராது. காந்தத்துக்கு வெயில் ஒரு பொருட்டில்லை, விலையும் குறைவு.

மாட்டும் இடம் அறையின் மூலை, ஏழு ஏழரை அடி உயரம். மேற்கு ஜன்னலைப் பார்த்து வைக்காதீர்கள். திருடன் எதிரே நடந்து வருவதைவிடக் குறுக்கே கடக்கும்படி கோணம் வையுங்கள். குறுக்கு அசைவுதான் அதற்கு நன்றாகத் தெரியும். இன்னொன்று: கரண்ட் போன நேரத்தில் ஃபேன் ஸ்விட்சை அணைக்காமல் பூட்டிவிட்டுப் போவோம். கரண்ட் வந்ததும் ஃபேன் சுற்றும், திரைச்சீலை ஆடும், மேலே தேங்கிய அனல் காற்று இறங்கும், தெருவே கேட்க சைரன் ஊளையிடும். முற்றம் வைத்த பழைய வீடுகளில் இந்தச் சென்சாரை முற்றத்துப் பக்கம் திருப்பவே கூடாது. கேபிள் நுழையும் ஓட்டையை சிலிகான் வைத்து அடைக்காவிட்டால் எறும்பும் பல்லிக்குட்டியும் உள்ளே குடிவந்துவிடும்.

வயரின் தடிமனில் ஒரு கணக்கு. சாதாரண 0.22 சதுர மில்லிமீட்டர் கோரில் 50 மீட்டர் போய் வந்தால் ஏறக்குறைய 8 ஓம். சென்சார் இழுப்பது 15 மில்லியாம்பியர் போல. கால் வோல்ட் கூடக் குறையாது. அதே வயரில் அரை ஆம்பியர் இழுக்கும் சைரனை மாட்டினால் 4 வோல்ட் வழியிலேயே போய்விடும், சைரன் முனகும். சைரனுக்கு மட்டும் தடித்த வயர். கரண்ட் போனால் தாங்க, பேனலுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி இருக்கும். நாலு சென்சாரும் பேனலும் சேர்ந்து 200 மில்லியாம்பியர் இழுத்தால் கணக்குப்படி 35 மணி நேரம், நடைமுறையில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று வருஷம் ஆன பேட்டரியிடம் அதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஆள் நடந்து பார்க்கும் சோதனை ஒன்று செய்வார்கள். சென்சாரில் சிவப்பு எல்.இ.டி. மின்னும். காலையில் ஜன்னலைத் திறந்துவைத்து ஒருமுறை நடந்து காட்டிவிட்டுப் போனதோடு விட்டுவிடாதீர்கள். மே மாதத்தில் ஒருநாள் வீட்டை அடைத்துப் போட்டு, மாலை ஆறு மணிக்கு மாடி அறையில் மெதுவாக நடந்து பாருங்கள். விளக்கு மின்னாத இடத்தில் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டு, அலாரக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.