வெட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்ட வீடுகளில் தண்ணீர் பம்பு எரிந்துபோனால் நம்மவர் மோட்டாரைக் கழற்றி, “காயில் கட்டிக் குடுங்க” என்று கடையில் போட்டுவிட்டு வருகிறார்கள். என்ன கம்பி என்று கேட்பதில்லை. ரெசிட்டும் வாங்குவதில்லை. நானும் அப்படித்தான் செய்தேன். மூன்றே வாரத்தில் புகை. பிரித்துப் பார்த்தால், வெளியே செம்பாக மின்னிய கம்பி வெட்டுவாயில் வெள்ளையாக இருந்தது. செம்புத் தோல் போர்த்திய அலுமினியம்.

அலுமினியம் செம்பில் சுமார் 60 விழுக்காடுதான் மின்சாரம் கடத்தும். செம்புக்கென்று செய்த மோட்டாரில் அதே தடிமனில் சுற்றினால் சூடேறும், எனாமல் கருகும், சுற்றோடு சுற்று ஒட்டி ஷார்ட் ஆகும்.

எனாமலிலும் வகை உண்டு. பாலியூரித்தேன் பூச்சு சால்டரிங் சூட்டிலேயே உருகும். ரேடியோ காயிலுக்கும் ரிலேக்கும் அதுதான் வசதி. பம்பு மோட்டாருக்கு 155 அல்லது 180 டிகிரி தாங்கும் பாலியெஸ்டர் வகை வேண்டும். ஐஸ்பெட்டி கம்பிரசருக்கு 200 டிகிரி இரட்டைப் பூச்சு. நிறத்தை நம்பாதீர்கள், அது சாயம். ரீலில் ஒட்டியிருக்கும் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள்.

விரல் நீளத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, குறடால் வெட்டிப் பாருங்கள். நடுவரை சிவப்பாக இருக்கவேண்டும். பிளேடால் மேலே சுரண்டிப் பார்த்தால் போதாது. செம்புத் தோல் ஏமாற்றுவது அங்கேதான். வெட்டித்தான் பார்க்கவேண்டும். ரெசிட்டில் ‘தெம்பாகா’ (செம்பு) என்ற சொல், கம்பி அளவு, டிகிரி, தேதி நான்கும் இருக்கட்டும்.

பழுதுபார்ப்பைக் கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். ரெசிட்டில் ‘வாரண்டி இல்லை’ என்று முத்திரை குத்தினாலும் அந்த உரிமை போகாது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் போராங் 1 நிரப்பி 5 ரிங்கிட் கட்டினால் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். வக்கீல் தேவையில்லை. ஆனால் மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். மலாயில் எழுத வராது என்று சாக்குச் சொல்லாதீர்கள். ஐந்தாம் பாரம் படிக்கும் பிள்ளை நிரப்பித் தரும்.

பம்பு சாப்பாட்டுக் கடையில் ஓடியதா? நடுவர் மன்றத்தில் செல்லாது; அது சொந்த, வீட்டு உபயோகத்துக்கு மட்டும். அப்போது தனிநபராக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போராங் 198. வரம்பு 5,000 ரிங்கிட்.

எதற்குப் போனாலும் எரிந்த காயில் கையில் இருக்கவேண்டும். அதைப் பழைய சாமான் லோரியில் போட்டுவிடாதீர்கள். போடாதீர்கள். என்னுடையது அப்படித்தான் போனது, ஒரு தே தாரிக் காசுக்கு.