சித்தி பொண்ணு சோஷியாலஜி படிக்கப் போறாளாம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சித்தி போன் பண்ணாங்க. "டேய், உன் தங்கச்சி சோஷியாலஜிதான் படிப்பேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. பிளஸ் டூல நல்ல மார்க்குடா. நீ இன்ஜினியர், நீ சொன்னா கேப்பா. கொஞ்சம் புத்தி சொல்லு."

சரின்னுட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, சோஷியாலஜின்னா என்னன்னு எனக்கே தெரியாது. தெரியாத ஒண்ணைப் படிக்காதேன்னு எப்படிச் சொல்றது? அதனால உக்காந்து படிச்சேன். படிச்சதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல, சமூகவியல், மானுடவியல் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? சோஷியாலஜி, அதாவது சமூகவியல், 19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தொழிற்சாலைகளும் நகரங்களும் பெருகினப்போ உருவானது. 'நம்ம சமூகத்துக்கு என்ன ஆகுது?'ங்கிறது அதோட கேள்வி. ஆந்த்ரோபாலஜி, அதாவது மானுடவியல், காலனி ஆட்சிக் காலத்துல, 'தூரத்துல இருக்கிற அந்த மக்கள் எப்படி வாழ்றாங்க?'ன்னு கேட்டு வளர்ந்தது. இந்தியாவுல இந்தக் கோடு பெருசா நிக்கல. ஏன்னா இங்க பல பேருக்குப் பக்கத்து ஊரே ஆய்வுக் களம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க: நம்ம ஊர் மானுடவியல் துறைகள்ல மனித பரிணாமம், எலும்பு, மரபியல்னு உயிரியல் பக்கமும் வரும். அதனால சில பல்கலைக்கழகங்கள்ல அது எம்.எஸ்சி. பட்டம்.

ரெண்டுக்கும் பொதுவானது களப்பணி. போய்த் தங்கி, பார்த்து, எழுதணும்.

இதுக்கு நல்ல உதாரணம் எம்.என்.சீனிவாஸ். 1916-ல மைசூர்ல பிறந்து, பம்பாய்லயும் ஆக்ஸ்ஃபோர்டுலயும் படிச்சவர். 1948-ல மைசூர் பக்கத்துல ஒரு கிராமத்துல மாசக்கணக்கா தங்கினார். அந்த ஊருக்கு 'ராம்புரா'ன்னு புனைபெயர் கொடுத்தார். சாஸ்திரப்படி சாதி ஏணியோட உச்சியில பிராமணர்கள். ஆனா அந்த ஊர்ல தகராறு தீர்க்கிறது யாரு, யார் பேச்சு எடுபடுதுன்னு பார்த்தா, நிலமும் ஆள்பலமும் வெச்சிருந்த விவசாயச் சாதி. இதைத்தான் 'ஆதிக்க சாதி'ன்னு ஒரு கருத்தாக்கமா எழுதினார். இன்னைக்கு தேர்தல் விவாதம்னாலே வர்ற சொல்.

1970-ல அவர் அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல ஒரு ஆய்வு மையத்துல இருந்தப்போ, யாரோ அங்க தீ வெச்சுட்டாங்க. பல வருஷமா ஒழுங்குபடுத்தி வெச்சிருந்த குறிப்புகளோட மூணு பிரதியும் அவர் அறையிலேயே எரிஞ்சுபோச்சு. மூணு பேக்கப்பும் ஒரே ரூம்ல! எனக்கு நெஞ்சு பதறிடுச்சு. ஆனா மனுஷன் விடல. பெரும்பாலும் ஞாபகத்துல இருந்ததை வெச்சே அந்தக் கிராமத்தைப் பத்தி எழுதின புத்தகம் 1976-ல வந்தது.

அதுல குறையும் உண்டு. சீனிவாஸ் பிராமணர், ஊர்ப் பெரியவங்களோட ஆதரவுல தங்கினவர். தலித் தெருவில இருந்து பார்த்திருந்தா அதே ஊர் வேற மாதிரி தெரிஞ்சிருக்கும். தன்னுடையது மேல்சாதிப் பார்வைன்னு அவரே ஒத்துக்கிட்டார். நீ எங்க உக்காந்து பார்க்கிறியோ, அதுக்கேத்த மாதிரிதான் தெரியும். இந்தப் படிப்போட முக்கியமான பாடமே இதுதான்.

இது எனக்குச் சுட்டது. என் பழைய வேலையில மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ஒரு ஆப் பண்ணோம். ஓடிபி போட்டாத்தான் லாகின். எங்க டெஸ்டிங்ல எல்லாம் பாஸ். ஊர்ல பாதிப் பேரால உள்ளேயே போக முடியல. 'யூசருக்குத் தெரியல'ன்னு டிக்கெட்டை மூடிட்டோம். எம்.ஏ. சோஷியாலஜி படிச்ச ஒரு சக ஊழியர் ரெண்டு நாள் அங்க போய் உக்காந்துட்டு வந்து சொன்னாங்க: "வீட்டுக்கு ஒரு போன்தான். பகல்ல அது பையனோட வெளிய போயிடுது." எங்க கோடுல தப்பே இல்ல. ஆளுக்கொரு போன் இருக்கும்னு நாங்க நினைச்சதுதான் தப்பு.

இது புதுசும் இல்ல. 1980-கள்லயே ஜெராக்ஸ் கம்பெனியோட ஆய்வகத்துல லூசி சச்மன்ங்கிற மானுடவியலாளர், ஜனங்க காப்பி மெஷின்கிட்ட திண்டாடுறதை வீடியோ எடுத்துக் காட்டினார். அதுல கம்ப்யூட்டர் விஞ்ஞானிகளே ரெண்டு பக்கக் காப்பி எடுக்க முடியாம முழிச்சாங்க!

தங்கச்சிகிட்ட வேலை பத்தியும் மறைக்காம சொன்னேன். பி.ஏ.வோட நிறுத்தினா கஷ்டம், எம்.ஏ.வையும் கணக்குல வெச்சுக்கோ. புள்ளியியல் கத்துக்கோ. காலேஜ்ல பாடம் எடுக்கணும்னா நெட் பரீட்சை. சிவில் சர்வீஸுக்கு ரெண்டுமே விருப்பப் பாடம். என்ஜிஓ, யூசர் ரிசர்ச்னு வழி இருக்கு. ஆனா கேம்பஸ் பிளேஸ்மென்ட் மாதிரி யாரும் கையில கொண்டுவந்து தரமாட்டாங்க.

எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டா: "அண்ணா, அந்த ஆப் பண்றப்போ நீ ஒரு தடவைகூட அந்த ஊருக்குப் போகலையா?"

போகல. ஐடியா கூட வரல.

அவ அப்ளிகேஷன் போட்டாச்சு. சித்தி இன்னும் என்கிட்ட சரியா பேசல.