இரண்டு முறை கல்லானவள்

வேதியியல் படிக்கிறவளுக்குச் சிறுகதை உலகில் என்ன வேலை என்று தோழியர் கேட்கக்கூடும். நூலகத்தில் எடுத்த புதுமைப்பித்தன் தொகுதியில் ‘சாப விமோசனம்’ படித்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அதனால்தான் இக்கட்டுரை.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பமொன்று என் ஊர். அங்கே வேப்பமரத்தடியில் ஒரு கல் இருக்கிறது. மஞ்சள் பூசிக் குங்குமமிட்டால் அம்மன். மழை கழுவிவிட்டால் கல். பாட்டுக்கு இறங்குகிறவர்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் படகேறுவார்கள். (பாடு என்றால் எங்களுக்கு முதலில் வலை போடும் முறை, துன்பம் என்ற பொருள் பிறகுதான்!) தமிழ் வகுப்பில் ‘குறியீடு’ என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் கல்தான் என் கண்முன் வந்தது. தானும் ஒரு பொருளாக இருந்துகொண்டு, தன்னினும் பெரிய ஒன்றுக்காகவும் நிற்பதல்லவா குறியீடு?

1943இல் ‘கலைமகள்’ இதழில் வந்த இக்கதையிலும் கல்தான் குறியீடு. இராமனின் காலடித் தூசு பட்டு அகலிகை பெண்ணாகிறாள். புராணம் அங்கே நின்றுவிடும். புதுமைப்பித்தன் அங்கேதான் தொடங்குகிறார். சாபம் நீங்கினாலும் பேச்சு நீங்கவில்லை. ரிஷிபத்தினிகள் அவளைக் கண்டு ஒதுங்குகிறார்கள். அவளுக்கிருந்த ஒரே பற்றுக்கோடு இராமன். பதினான்கு ஆண்டு கழித்து வரும் சீதை, தான் தீக்குளித்த செய்தியைச் சொல்கிறாள். தன்னை மன்னித்தவனா இன்னொருத்தியிடம் சான்று கேட்டான்? அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள்.

வேதியியலில் மீள்வினை என்று படிக்கிறோம். கிளம்பிய பொருளே திரும்பக் கிடைக்கும். இங்கே அப்படியில்லை என்பது என் எண்ணம். முதற்கல் முனிவர் கொடுத்த தண்டனை. இரண்டாவதை யாரும் சபிக்கவில்லை. நம்பிக்கை போனபின் அவளாகவே அடைந்த நிலை அது. ஒரே பொருளை வைத்துக்கொண்டு இத்தனையும் சொல்லிவிட்டார்!

அமெரிக்கர் நத்தானியேல் ஹாத்தார்ன் 1835இல் எழுதிய ‘யங் குட்மேன் பிரவுன்’ கதையில் மனைவியின் பெயரே விசுவாசம் என்று பொருள்படும். நள்ளிரவுக் காட்டில் அவளது இளஞ்சிவப்பு நாடா மேலிருந்து விழ, கணவன் நம்பிக்கையிழக்கிறான். அதன்பின் சாகும்வரை ஊரார் அனைவரையும் சந்தேகிக்கிறான். அகலிகையோ ஊராரைச் சந்தேகிக்கவில்லை, நீதியைச் சந்தேகிக்கிறாள். இதுவே எனக்குப் பெரிதாகப்படுகிறது.

புதுமைப்பித்தன் எப்போதும் இப்படி எரிபவர் அல்லர். அதே ஆண்டு எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் பிராட்வேப் பக்கம் வந்து, காப்பி குடித்து, வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாவும் கட்டுகிறார். அது சிரிக்க வைக்கிறது. இது சிரிக்க விடவில்லை.

நிற்க. உறக்கம் வராததற்குக் காரணம் வேறு. நான்காண்டுகளுக்கு முன் அப்பா நோயில் கிடந்தபோது, அம்மா வேண்டிக்கொண்டு தீ மிதித்தாள். அப்பா பிழைக்கவில்லை. அம்மா அழுததோடு சரி, அம்மனை ஏசவில்லை. இன்றும் வெள்ளிதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறாள், ஏற்றுவதில்லை. கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். மனம் கல்லாகிவிட்டது என்று நானே சொல்லியிருக்கிறேன். கல்லென்றால் உணர்ச்சி இல்லாதது என்று அப்போது நினைத்திருந்தேன்.

விடுமுறையில் இக்கதையை அவளுக்குச் சொன்னேன். நண்டு உடைத்துக்கொண்டே கேட்டாள்.

“கல்லாப் போனப்புறம் அந்தப் புருசன் என்னா பண்ணான்?”

“சாமியாராப் போயிட்டாரும்மா.”

“அதான பாத்தேன்,” என்று அடுத்த நண்டை எடுத்தாள்.