ஸோபாவின் முதுகைப் பார்த்தீர்களா?

கல்யாணம் நிச்சயமாகி, ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, 'ஹால்ல ஒரு லெதர் ஸோபா போட்டுட்டா ஜம்முனு இருக்கும்' என்று கணக்குப் போடுகிற இளைஞரா நீங்கள்? கொஞ்சம் நில்லுங்கள் ஸார். உட்காருவது அப்புறம்!

போன மாதம் ஆபீஸ் நண்பர் ஒருவர் சென்னையில் ஸோபா வாங்கக் கிளம்பினார். துணைக்கு நான். ஷோரூம் கதவைத் திறந்ததுமே ஜில்லென்று ஏ.ஸி., கும்மென்று தோல் வாசனை. வாசலை ஒட்டி, மஞ்சள் வெளிச்சத்தில், கர்ப்பக்கிரகத்துச் சாமி மாதிரி ஓர் இத்தாலி ஸோபா. விலை ஐந்தரை லட்சம்! நண்பருக்கு மூச்சே நின்றுவிட்டது.

அது அன்றைக்கு விற்காது என்று கடைக்காரருக்கும் தெரியும். ஆனால், அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவருக்கு ஒன்றரை லட்சம் என்பது ஏதோ ஆடித் தள்ளுபடி மாதிரி தெரியும் பாருங்கள்... அதுதான் அந்த ஸோபாவுக்கு அங்கே உத்தியோகம்!

''சும்மா சாய்ஞ்சு உட்காருங்க ஸார்!'' என்றார் விற்பனையாளர். பட்டனை அழுத்தினார். கால் தானாக மேலே போயிற்று. காபி வந்தது. நண்பர் பாதி விழுந்துவிட்டார்.

''பூரா லெதர்தானே?''

''ப்யூர் லெதர் ஸார்!''

ஸோபா சுவரோடு ஒட்டிக் கிடந்தது. நான் ஒரு ஜாண் முன்னால் இழுத்து எட்டிப் பார்த்தேன். உட்காரும் இடமும் சாயும் இடமும் தோல். பக்கவாட்டிலும் முதுகிலும் ரெக்ஸின்!

''அது... லெதர் மேட்ச் ஸார். நிறைய கம்பெனியில இப்படித்தான்'' என்றார். வாஸ்தவம்தான். வெளிநாட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால், எட்டிப் பார்த்த பிறகுதானே சொன்னார்!

தோல் விஷயம் ஒன்றும் பிரம்ம சூத்திரமில்லை. மாட்டுத் தோல் தடிமன் என்பதால் அடுக்கடுக்காகச் சீவுவார்கள். மேல் அடுக்குதான் கெட்டி. அதைத் தேய்க்காமல் அப்படியே விட்டால் 'ஃபுல் கிரெயின்'. பூச்சிக்கடி, முள் கீறின தழும்புகூடத் தெரியும். இங்கே தழும்பு இருந்தால்தான் ஒசத்தி! லேசாகத் தேய்த்து மெருகேற்றினால் 'டாப் கிரெயின்'. அடி அடுக்கு 'ஸ்ப்ளிட்'. கழிவுத் தோலை அரைத்துப் பசையோடு சேர்த்து அழுத்தினால் 'பாண்டட் லெதர்'.

பாண்டட் லெதருக்கும், லெதர் மாதிரியே மின்னும் பி.யு.வுக்கும் மேலே பூசுவது பாலியூரித்தேன். உஷ்ணமும் ஈரக்காற்றும் அதற்குப் பரம விரோதி. சென்னை மாதிரி கடலோர ஊரில் சில வருஷங்களிலேயே செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கலாம். தவணை முடிகிறபோது ஸோபாவும் முடிந்திருக்கும்!

தவணை என்றதும் ஞாபகம் வருகிறது. 'வட்டியே கிடையாது' என்று போர்டு தொங்குமே? பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லிவிட்டது. ''மொத்தப் பணமும் இப்பவே தந்தா எவ்வளவு குறைப்பீங்க?'' என்று கேளுங்கள். ஒளிந்திருக்கும் வட்டி தலையை நீட்டும்.

இன்னொன்று. குஷன் ஜிப்பைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். நார் நாராக இருந்தால் பெரும்பாலும் தோல். நெய்த துணி தெரிந்தால் சந்தேகப்படுங்கள். வாசனையை நம்பாதீர்கள். அதைத் தனியாகவே பூச முடியும்!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்கே பேர் போன மாநிலம் நம்முடையது. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-லிருந்து இருக்கிறது. தோலைப் பற்றி நாலு கேள்வி கேட்க நமக்கென்ன வெட்கம்?

ரெக்ஸின் வாங்குவது பாவமில்லை ஸார், ரெக்ஸின் விலைக்கு வாங்கினால்! ஸீட், சாய்வு, பக்கம், முதுகு... எது எது என்ன தோல் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன 'ப்யூர் லெதர்' ஏ.ஸி. காற்றோடு போய்விடும். பில்லில் எழுதினது, தேவைப்பட்டால் நுகர்வோர் கமிஷன் வரைக்கும் உங்களோடு வரும்!