சங்கிலியை விழுங்கிய திருடனும் ஊரை விட்டு வந்த ஜோடியும்

ஓடும் பஸ்ஸில் ஒரு பெண் அசந்து தூங்குகிறாள். பின்னால் இருப்பவன் அவள் கழுத்துத் தாலிச் சங்கிலியை நைசாக வெட்டி எடுக்கிறான். திடுக்கிட்டு விழித்தவள் திரும்பிப் பார்க்கையில் அவன் அதை வாயில் போட்டு விழுங்குகிறான். பார்த்தது அவள் ஒருத்திதான். பஸ் நேராகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நிற்கிறது. அவன் எதையும் ஒப்புக்கொள்வதாக இல்லை. பெயரைக் கேட்டால் பிரசாத் என்கிறான். அது அவள் கணவனுடைய பெயர்.

2017-இல் வந்த ‘தொண்டிமுதலும் த்ருக்சாக்ஷியும்’ என்ற மலையாளப் படத்தின் முடிச்சு இது. களவுபோன பொருளும் கண்ணால் கண்ட சாட்சியும் என்று பொருள். இயக்கியவர் திலீஷ் போத்தன். எங்கள் இடுக்கி மாவட்டத்தைக் களமாக வைத்து ‘மகேஷின்டெ பிரதிகாரம்’ எடுத்தவர் இவர்தான். தமிழில் அது ‘நிமிர்’ ஆக வந்தது.

உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில் நெடுங்கண்டத்தில் நகைக்கடன் தரும் இடத்தில் நான் அப்ரைசர். உரைகல்லும் ஆசிட்டும் தராசுமாக உட்கார்ந்திருப்பவள். அதனால் இந்தப் படத்தை மற்றவர்கள் பார்ப்பதுபோல் என்னால் பார்க்க முடியாது. அந்தச் சங்கிலி ஏன் பஸ் ஏறியது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. அடகு வைக்கத்தான். அந்தப் பெண் ஸ்ரீஜாவும் கணவன் பிரசாத்தும் வெவ்வேறு சாதி. சேர்த்தலைக்குப் பக்கம் தவணக்கடவு என்ற படகுத்துறை ஊரில் காதலித்து, வீட்டார் எதிர்ப்பை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு, கேரளத்தின் வடகோடியான காசர்கோட்டுக்குக் குடிபோகிறார்கள். விவசாயம் செய்ய நினைத்த நிலத்தில் தண்ணீர் இல்லை. போர்வெல் போடக் கையில் காசு இல்லை. மிச்சம் இருப்பது கழுத்தில் கிடக்கும் தாலிச் சங்கிலி.

இந்தக் கணக்கு எங்கள் மலைக்கு நன்றாகத் தெரியும். ஏலக்காய் எடுப்பு ஆடி ஆவணியில்தான் சூடு பிடிக்கும். அதற்கு முன் உரம், மருந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு என்று வரிசையாக வரும். அப்போது கழுத்து காலியாகும். காய் விற்றதும் நகை திரும்பும். போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி வந்த தமிழ்க் குடும்பங்களின் பொட்டுத்தாலி, மலையாளிகளின் ஆலிலைத் தாலி, கிறிஸ்தவர்களின் மின்னு எல்லாம் என் தராசில் ஏறி இறங்கியிருக்கின்றன. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு சங்கிலியை மட்டும் நீட்டும் பெண்களும் உண்டு. ஊரோடு இருப்பவளுக்குச் சங்கிலி போனாலும் அண்ணன் இருப்பான், சித்தி இருப்பாள், சீட்டுப் பணம் இருக்கும். ஊரை விட்டு வந்தவளுக்கு அந்த இரண்டு மூன்று பவுன்தான் அண்ணனும் சித்தியும்.

குற்றமும் சிரிப்பும் கலந்த காதல் ஜோடிக் கதைகள் உலகத்துக்குப் புதிதில்லை. 1967-இல் வந்த ‘பானி அண்ட் கிளைட்’ படத்தில் ஜோடி வங்கிகளைக் கொள்ளையடித்தது. 2005-இல் வந்த ‘பண்டி ஔர் பப்ளி’யில் சின்ன ஊர்களிலிருந்து கிளம்பிய இருவர் வடநாடு முழுக்க ஏமாற்றிப் பிழைத்தார்கள். தமிழில் ஊரை விட்டு ஓடும் ஜோடிகளின் கதைகளும் உண்டு. ‘காதல்’ (2004) மதுரையிலிருந்து ஓடிய ஜோடியின் துயரத்தைச் சொன்னது. ‘நாடோடிகள்’ (2009) ஜோடியைச் சேர்த்துவைத்த நண்பர்கள் கொடுத்த விலையைச் சொன்னது. சஜீவ் பாழூர் எழுதிய இந்தக் கதை வேறு வழியில் போகிறது. இதில் ஜோடி குற்றம் செய்வதில்லை, குற்றம்தான் அவர்களைத் தேடி வருகிறது. கல்யாணத்துக்குப் பிறகு வரும் வாடகை, தண்ணீர், கடன் இவற்றில்தான் கதை நடக்கிறது.

சிரிப்பு வருவது ஸ்டேஷனில். திருடனை எக்ஸ்ரே எடுக்கிறார்கள்; வயிற்றுக்குள் சங்கிலி தெரிகிறது. அப்புறம் வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். போலீஸ் வேடங்களில் பலர் நிஜமான போலீஸ்காரர்கள். சப் இன்ஸ்பெக்டராக வரும் சிபி தாமஸ் அப்போது பணியில் இருந்த அதிகாரி. அதனால் பேச்சும் நடையும் அலுப்பும் அப்படியே ஸ்டேஷனாக இருக்கின்றன. திருடனாக வரும் ஃபகத் ஃபாசில், கணவனாக வரும் சுராஜ் வெஞ்ஞாறமூடு, இந்தப் படத்தில் கதாநாயகியாக அறிமுகமான நிமிஷா சஜயன் மூவரும் நடிப்பதாகவே தெரியாது. 65-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த மலையாளப் படம், துணை நடிகர், திரைக்கதை என்று மூன்று விருதுகள் கிடைத்தன.

சிரித்துக்கொண்டே பார்த்த எனக்கு ஓர் இடத்தில் வயிறு கலங்கியது. வேறொரு சங்கிலியைக் காட்டி வழக்கை முடித்துவிடலாமா என்ற யோசனை ஸ்டேஷனுக்குள் எழுகிறது. தராசுக்கு இரண்டு பவுன் சங்கிலி எல்லாம் ஒன்றுதான். போட்டிருந்தவளுக்கு அப்படி இல்லை. கொக்கி எந்தப் பக்கம் வளைந்திருக்கும், எந்தக் கண்ணி தேய்ந்திருக்கும் என்று கையால் தடவியே சொல்வாள். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க அடையாள எண் இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. இன்றைக்குச் சங்கிலி வாங்குகிறவர்கள் அந்த எண் உள்ள பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீஜா காலத்தில் அது இல்லை. அவள் வாய்ச்சொல் மட்டும்தான் இருந்தது.

அந்தச் சொல்லைத்தான் எல்லோரும் அசைத்துப் பார்க்கிறார்கள். ஊரில் இருந்தால் இவள் யார் மகள், பொய் சொல்லாதவள் என்று சொல்லப் பத்துப் பேர் வந்திருப்பார்கள். இங்கே இவர்களைத் தெரிந்தவர் யாருமில்லை. பெயரைக்கூடத் திருடன் எடுத்துக்கொண்டான்.

ஊரை விட்டு வருகிறவர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருந்தால் சாதி, மதம் பார்க்காமல் மணக்கலாம். அப்படி மணந்தவர்களை யாரும் துன்புறுத்தாமல் போலீஸ் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2006-இல் லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பது பற்றி மாநில அரசுகளை யோசிக்கச் சொன்னது. ஆனால் வீட்டில் கோபித்துக்கொண்டவர்கள் திரும்பப் பேசத் தொடங்கும்வரை தூண் மாதிரி நிற்க ஒரு மனிதர் வேண்டும். அதை எந்த நீதிமன்றமும் கொடுக்க முடியாது.

படத்தின் தொடக்கத்துக்கு வருகிறேன். மருந்துக்கடையில் ஸ்ரீஜா கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்குவதைப் பிரசாத் பார்க்கிறான். பார்த்ததை வைத்து மீதியைத் தானே முடிவு செய்துகொள்கிறான், பேச்சு பரவுகிறது. அவள் வாங்கியது வேறொருவருக்காக. நேராக வந்து அவனைக் கேள்வி கேட்கிறாள். காதல் அங்கேதான் பிறக்கிறது. பிற்பாடு பஸ்ஸில் அவளே சாட்சியாகிறாள். கண்ணால் கண்டதற்கு மேல் ஒரு சொல் கூட்டாமல் அதைச் சொல்கிறாள்.

இந்த மலையிலும் எத்தனையோ பிள்ளைகள் இரவோடு இரவாக மெட்டு இறங்கியிருக்கிறார்கள், மெட்டு ஏறியும் வந்திருக்கிறார்கள். ஜீப்பில் சேர்ந்து உட்கார்ந்ததை ஒருவர் பார்த்து, பொழுது சாய்வதற்குள் அது பத்து வாயில் பத்துக் கதையாகி, அதைத் தாங்காமல் போனவர்கள் அவர்களில் பலர். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், தெரியாததைச் சொல்லாதீர்கள் என்று நம் ஊர்களைக் கேட்டுக்கொள்ளவே இவ்வளவும் எழுதினேன். அந்த ஒன்றை நாம் செய்தால், பாதிப் பேருக்கு ஊரை விட்டுப் போக வேண்டிய தேவையே இருக்காது.