வெளிமாநில போலீஸ் வந்து கைது செய்தால்…

1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேம், 2002இல் போர்ச்சுகலில் பிடிபட்டார். அவரை இந்தியாவுக்குக் கொண்டுவர மூன்று ஆண்டுகள் ஆயின. மரண தண்டனை விதிக்க மாட்டோம், 25 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வைக்க மாட்டோம் என்று இந்தியா எழுதிக் கொடுத்த பிறகே 2005இல் ஒப்படைத்தார்கள். அந்த வாக்குறுதிக்கு மத்திய அரசு கட்டுப்பட்டது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நாடு விட்டு நாடு ஒருவரை ஒப்படைப்பதற்குப் பொதுவாக இரண்டு நாட்டுச் சட்டத்திலும் அது குற்றமாக இருக்க வேண்டும். எந்தக் குற்றத்துக்காக ஒப்படைத்தார்களோ அதற்கு மட்டுமே விசாரிக்கலாம்.

மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக இத்தனை தடுப்புகள் கிடையாது. நாடு முழுவதற்கும் ஒரே குற்றவியல் நடைமுறைச் சட்டம் என்பதால் எந்த மாநில போலீஸும் சென்னையிலோ திருநெல்வேலியிலோ வந்து கைது செய்யலாம். அதனால்தான் இங்கே உள்ள ஒரே தடுப்பை நாம் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு. பயண நேரம் இந்தக் கணக்கில் சேராது. இந்தச் சலுகையைக் காட்டி, கைதானவரை உள்ளூர் நீதிமன்றத்தின் கண்ணில் காட்டாமலே கொண்டுபோவதில்தான் ஆபத்து. மாஜிஸ்திரேட்டிடம் டிரான்சிட் ரிமாண்ட், அதாவது அழைத்துச் செல்ல அனுமதி, பெற்ற பிறகு கொண்டுபோவதே சரியான நடைமுறை.

அந்த அனுமதியும் வெறும் முத்திரை குத்தும் வேலையாக இருக்கக் கூடாது. 2018 ஆகஸ்டில் புனே போலீஸார் டெல்லியில் மனித உரிமைச் செயல்பாட்டாளர் கௌதம் நவ்லகாவைக் கைது செய்தார்கள். வழக்கு ஆவணங்கள் மராத்தியில் இருந்தன. அவற்றில் இருப்பது என்ன, கைதுக்கான காரணம் அவருக்குச் சொல்லப்பட்டதா, தனக்கு வேண்டிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வாய்ப்புக் கிடைத்ததா என்று மாஜிஸ்திரேட் பார்க்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் அந்த டிரான்சிட் ரிமாண்ட் உத்தரவையே ரத்து செய்தது. தெரியாத மொழியில் நீட்டப்படும் தாளில் கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஆகவே கைதின்போது பதறாமல் கேளுங்கள்: எந்தக் காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண் என்ன, என்னென்ன பிரிவுகள்? கைதுக் குறிப்பில் வீட்டாரோ அக்கம்பக்கத்துப் பெரியவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். கைதானவர் சொல்லும் ஒருவருக்குத் தகவல் தர வேண்டியது போலீஸின் கடமை. மாஜிஸ்திரேட் முன் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் மிக முக்கியம். அடித்திருந்தால், மருந்து தேவைப்பட்டால், காரணம் தெரியாவிட்டால், வழக்கறிஞர் இல்லாவிட்டால் அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். போலீஸ் காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. எங்கே கொண்டுபோனார்கள் என்றே தெரியவில்லையா? உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, ஆட்கொணர்வு மனு போடலாம்.

வேறு மாநிலத்தில் வழக்குப் பதிவானது முன்கூட்டியே தெரிந்தால் இங்குள்ள செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ தற்காலிக முன்ஜாமீன் கேட்கலாம். உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் இதை உறுதி செய்தது. ஆனால் இது குறுகிய காலத்துக்கே. அதற்குள் வழக்கு நடக்கும் ஊரின் நீதிமன்றத்துக்குப் போய்விட வேண்டும். உடனே அங்கே போக முடியாததற்கு உயிர் பயம், உடல்நலக் குறைவு போன்ற நியாயமான காரணத்தையும் காட்ட வேண்டும்.

இந்த நடைமுறை தெரியாதவர்களை நம்பித்தான் ஒரு மோசடிக் கூட்டமே பிழைக்கிறது. மும்பை போலீஸ் என்று வீடியோ காலில் வந்து, 'உங்களை டிஜிட்டல் கைது செய்துவிட்டோம், பணம் அனுப்பினால் விடுவோம்' என்று மிரட்டுகிறார்கள். பெரியவர்கள் பலர் வாழ்நாள் சேமிப்பை இப்படிப் பறிகொடுத்திருக்கிறார்கள். வீடியோ காலில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் போய்விட்டிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்; விரைவில் சொன்னால்தான் அது போன கணக்கை முடக்க வழி இருக்கும்.